விண்மீனின் முடிவைக் கணித்தவர்

1930ஆம் ஆண்டு ஜூலை மாதம் பம்பாயிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் பயணம் செய்த 19 வயது இளைஞர் ஒருவர், விண்மீன்கள் எவ்வாறு மடிகின்றன என்று கணக்கிட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். தந்தை இரயில்வே கணக்குத் துறை அதிகாரி. நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா. சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்ற சந்திரசேகர், உபகாரச் சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் அனைத்தும் சுருங்கி, வெண்குறுமீன்களாக அமைதியடையும் என்று அக்கால அறிஞர்கள் நம்பினர். சந்திரசேகரின் கணக்கோ வேறொன்றைக் காட்டியது. வெண்குறுமீனின் எடை சூரியனின் எடையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்ட முடியாது. அதற்கு மேல் எடை எஞ்சினால், அவ்விண்மீன் மேலும் சுருங்கிக்கொண்டே போகும்.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள், இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டத்தில் இம்முடிவை அவர் விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன். சந்திரசேகர் பெரிதும் மதித்த அவரே அக்கருத்தை எள்ளி நகையாடினார். அவையில் சிரிப்பொலி எழுந்தது. சந்திரசேகரின் கணக்கு சரி என்று அறிந்தவர்கள்கூட வெளிப்படையாகப் பேசத் தயங்கினர்.

சந்திரசேகர் மனம் நொந்தார், ஆயினும் துவண்டுவிடவில்லை. 1937இல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியில் சேர்ந்தார். தம் ஆய்வை 1939இல் நூலாக வெளியிட்டுவிட்டு, வேறு துறைகளில் உழைக்கத் தொடங்கினார். எடிங்டன்மீது அவர் பகை பாராட்டவில்லை. 1944இல் எடிங்டன் மறைந்தபோது அவரைப் போற்றிப் பேசினார்.

காலம் சந்திரசேகரின் பக்கம் நின்றது. மிகப் பெரிய விண்மீன்கள் கருந்துளைகளாக மாறக்கூடும் என்பதை அறிவியல் உலகம் ஏற்றுக்கொண்டது. 1983இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவருடைய பெருநூலும் வெளிவந்தது. 1995இல் அவர் மறைந்தார்.

1999இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி ஒன்றுக்குச் ‘சந்திரா’ எனப் பெயர் சூட்டப்பட்டது. விண்மீன் மண்டலங்களின் நடுவிலுள்ள பெருங்கருந்துளைகளை அது ஆராய்கிறது. நமது பால்வெளியின் நடுவில் உள்ள கருந்துளை, சூரியனைப் போல் ஏறத்தாழ 4 மில்லியன் மடங்கு எடை கொண்டது. சில கருந்துளைகள் பில்லியன் மடங்கையும் தாண்டுகின்றன. அண்டம் இளமையாக இருந்தபோதே இவை எப்படி இவ்வளவு பெரிதாக வளர்ந்தன? விண்மீன்கள் மடிந்து தோன்றிய சிறு கருந்துளைகள் வளர்ந்தனவா? அல்லது மாபெரும் வாயு மேகங்கள் நேரடியாகச் சுருங்கினவா? இக்கேள்விகளுக்கு இன்னும் உறுதியான விடை கிடைக்கவில்லை.

அன்று கப்பலில் ஓர் இளைஞர் தொடங்கிய கணக்கு இன்றும் தொடர்கிறது. அதன் அடுத்த வரியை எழுதப்போகும் கை உங்களுடையதாகவும் இருக்கலாம்.