ஏட்டுக் கணக்கில் உண்மை தேடியவர் – பெஞ்சமின் கிரகாம்

ஐந்தொகை என்றதும் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். இரு பக்கமும் கூட்டுத்தொகை சமமாக வந்துவிட்டால் போதும், ஏட்டை மூடிவிடுகிறோம். சமமாக வந்த பிறகுதான் அதைப் படிக்கவே தொடங்க வேண்டும் என்று காட்டிய ஒரு மேதையின் வாழ்வைச் சிறிது காண்போம், தோழியரே!

பெஞ்சமின் கிரகாம் 1894ஆம் ஆண்டு இலண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நியூயார்க்கில் குடியேறியது. பீங்கான் பாத்திர வணிகம் செய்த தந்தை 1903இல் மறைந்தார். மூன்று ஆண்மக்களோடு தனித்து நின்ற தாய் டோரதி, விடுதி நடத்திப் பார்த்தார்; நிலைக்கவில்லை. கடன் வாங்கிப் பங்குகளில் போட்ட பணமும் 1907ஆம் ஆண்டின் நெருக்கடியில் கரைந்தது. தாயின் காசோலையை மாற்றச் சிறுவன் வங்கிக்குப் போனபோது, அந்த அம்மாள் கணக்கு ஐந்து டாலர் தாங்குமா என்று காசாளர் பிறர் காதில் விழும்படி விசாரித்தாராம். அந்த அவமானம் அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை.

உதவித்தொகையும் உழைப்புமாகக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று 1914இல் பட்டம் பெற்றார். ஆங்கிலம், தத்துவம், கணிதம் ஆகிய மூன்று துறைகளும் அவரை ஆசிரியப் பணிக்கு அழைத்தன. ஆனால் வீட்டின் வறுமை அவரை வால் தெருவுக்கு அனுப்பியது. அங்கோ, கடன்பத்திரம் வாங்குவோரே கணக்கைப் பார்த்தனர்; பங்கு வாங்குவோர் பெரும்பாலும் வதந்தியை நம்பினர். தம் தாய் எங்கே வழுக்கி விழுந்தார் என்பது மகனுக்கு அப்போது நன்கு விளங்கியிருக்கும் என்றே நாம் எண்ணுகிறோம்.

1926இல் நடந்தது சுவையான நிகழ்ச்சி. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்டு ஆயில் 1911இல் நீதிமன்ற ஆணையால் உடைக்கப்பட்டபோது பிரிந்த கம்பெனிகளுள் ஒன்று நார்தர்ன் பைப் லைன். பங்குதாரர்களுக்கு அது அனுப்பிய ஆண்டறிக்கை மிகச் சுருக்கமானது. எண்ணெய்க் குழாய்க் கம்பெனிகள் வாஷிங்டனில் ஓர் அரசு ஆணையத்துக்கு விரிவான கணக்குத் தர வேண்டும் என்பதை அறிந்த கிரகாம், ரயிலேறிப் போய் அந்தத் தாள்களைக் கேட்டு வாங்கிப் படித்தார். பொதுமக்கள் எவரும் பார்க்கக்கூடிய தாள்கள்தாம், பார்க்கத்தான் ஆளில்லை! சந்தையில் 65 டாலருக்கு விற்ற ஒவ்வொரு பங்குக்கும் பின்னால் ஏறத்தாழ 95 டாலர் மதிப்புள்ள பத்திரங்களும் ரொக்கமும் சும்மா கிடந்தன. தொழிலுக்கு அவை தேவையே இல்லை.

நிர்வாகிகளிடம் முறையிட்டார், தட்டிக்கழித்தனர். 1927 ஜனவரியில் ஆயில் சிட்டி என்னும் சிற்றூரில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தனியே போனார். அவர் தீர்மானத்தை வழிமொழியக்கூட ஓர் ஆள் இல்லை. மறுஆண்டு மற்றப் பங்குதாரர்களின் ஒப்புதலைச் சேகரித்துக்கொண்டு போய், இயக்குநர் குழுவில் இரண்டு இடங்களை வென்றார். முடிவில் கம்பெனி பங்கு ஒன்றுக்கு 70 டாலர் பகிர்ந்தளித்தது.

அவருடைய முறைகளுள் ஒன்று நம் வகுப்புக் கணக்கைவிட எளிது. ரொக்கம், சரக்கிருப்பு, வரவேண்டிய கடன் ஆகிய நடப்புச் சொத்துக்களைக் கூட்டி, எல்லாக் கடன்களையும் கழித்து, மீதியைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் ஒரு காசும் மதிப்பில்லை. நடப்புச் சொத்து 9 இலட்சம் ரூபாய், கடன் 3 இலட்சம், பங்குகள் 60,000 என்றால் பங்குக்கு 10 ரூபாய் வரும். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாக, அதாவது ஆறரை ரூபாய்க்குக் கிடைத்தால் வாங்கலாம். இடைப்பட்ட தொகை, நம் கணிப்பு தவறினால் தாங்கிக்கொள்ளும் பாதுகாப்பு. இலாபத்தையும் ஓராண்டு பார்த்து நம்பலாகாது. ஏழு, பத்து ஆண்டுகளின் சராசரி வேண்டும். தேய்மானத்தைக் குறைத்தெழுதி இலாபத்தைப் பெருக்கிக் காட்டுவோர் உண்டல்லவா?

இத்தனை அறிந்தவரும் 1929இன் வீழ்ச்சிக்குத் தப்பவில்லை. 1932க்குள், அவர் நிர்வகித்த நிதியில் ஏறக்குறைய 70 விழுக்காடு போயிற்று. இலாபம் வந்தால்தான் அவருக்கு ஊதியம் என்பது ஒப்பந்தம். ஆகவே இழப்பு ஈடாகும்வரை ஊதியமின்றியே உழைத்தார். அந்தக் கடினமான காலத்தில்தான் டேவிட் டாட் என்பவருடன் சேர்ந்து பங்குப் பத்திர ஆய்வு பற்றிய தம் பெருநூலை எழுதி 1934இல் வெளியிட்டார். நிதி அறிக்கைகளைப் படிக்கும் விதம் பற்றி 1937இல் ஒரு சிறு நூலும் வந்தது. தொடங்குவோருக்கு இந்தச் சிறு நூலே ஏற்றது என்பது நம் கருத்து.

1928 முதல் கொலம்பியாவில் மாலை நேரங்களில் கற்பித்தார். அன்றைய சந்தையில் விற்கும் உண்மையான கம்பெனிகளின் கணக்குகளே வகுப்பில் பாடம். 1950இல் அங்கு வந்த மாணவர் வாரன் பபெட், பின்னாளில் உலகப் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார்.

முதுமையில் கிரகாம் ஒரு ஸ்பானிய நாவலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார் என்பது பலர் அறியாத செய்தி. 1976 செப்டம்பரில் பிரான்சு நாட்டில் காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், கணக்கேடுகளை நுணுகி ஆராய்வோர் பெருகிவிட்டதால், தம் காலத்தில் கிடைத்த பலன் இனி அந்த உழைப்புக்குக் கிடைப்பது ஐயமே என்று வெளிப்படையாகக் கூறியிருந்தார். அவர் எழுதிய நூல்கள் இன்றும் அச்சாகின்றன.