போவதா, வேண்டாமா?

எஸ்.பி.எம். முடிவு வந்ததும் நம்ம வீடுகளில் இந்தப் பேச்சு ஆரம்பிச்சிடும். படிவம் ஆறா, மெட்ரிகுலேஷனா, போலிடெக்னிக்கா? ஒன்றை முடிவு செய்து உள்ளே நுழைந்த பிறகும் மனசு சும்மா இருக்காது. மற்றதை எடுத்திருக்கலாமோ என்று குடைந்துகொண்டே இருக்கும்.

கைகட்டி நிமிர்ந்து நிற்கும் சுவாமி விவேகானந்தரின் படம் நம்மில் பலர் வீட்டில் இருக்கிறது. அவரும் இப்படித் தடுமாறியவர்தான்.

1863 ஜனவரி 12ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தவர் நரேந்திரநாத். 1884இல் தந்தை இறந்தார். வசதியான குடும்பம் வறுமையில் விழுந்தது. 1886இல் குரு ஸ்ரீ ராமகிருஷ்ணரும் மறைந்தார். துறவியாகி இந்தியா முழுக்க அலைந்த அவர், 1892 டிசம்பரில் கன்னியாகுமரிப் பாறையில் அமர்ந்து தியானம் செய்தார். தாம் கண்ட ஏழை மக்களுக்கு என்ன செய்வது என்பதே அங்கே அவர் சிந்தனை.

சிகாகோவில் சர்வ சமய மாநாடு நடக்கப் போவது அவருக்குத் தெரியும். போகச் சொன்னவர்களில் ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். சென்னையில் ஆசிரியர் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் பணம் திரட்டினார்கள். ஆனால் சுவாமிக்குச் சந்தேகம். இது இறைவன் விருப்பமா, என் ஆசையா? சேர்ந்த பணத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார்!

அதோடு அவர் சும்மா இருந்துவிடவில்லை. பிரார்த்தனை செய்தார். குரு கடல்மேல் நடந்துபோய்த் தம்மைக் கூப்பிடுவதாகக் கனவு கண்டார். அப்படியும் அன்னை சாரதா தேவிக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அன்னையின் ஆசி வந்தது. அதற்குப் பிறகு போவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. அளசிங்கர் மறுபடியும் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்தார்.

1893 மே 31ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார். கொழும்பைத் தாண்டி அந்தக் கப்பல் நம்ம பினாங்குக்கும் வந்தது. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி நாம் கடக்கிறோமே, அந்தக் கடலுக்குத்தான்! கடலோரத்தில் ஒரு சிறு நிலத்துண்டு என்று பினாங்கைப் பற்றிச் சென்னை அன்பர்களுக்குக் கடிதமும் எழுதினார்.

ஜூலை கடைசியில் சிகாகோ போய்ச் சேர்ந்தால், மாநாடு செப்டம்பரில்தான். பேராளர் பதிவு முடிந்துவிட்டது. கையில் அத்தாட்சிக் கடிதம் இல்லை. பணம் கரைந்தது, குளிருக்கு ஏற்ற உடையும் இல்லை. திரும்பிப் போயிடலாமா என்ற எண்ணம் அவருக்கும் வந்தது. ஆனால் எடுத்த முடிவை மாற்றவில்லை. செலவு குறைவான பாஸ்டன் பக்கம் போனார். அங்கே ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் அறிமுகமாகி, மாநாட்டுக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். கிளம்பும்போது இப்படி ஒருவர் கிடைப்பார் என்று சுவாமிக்குத் தெரியுமா? பாதி வழி போன பிறகுதான் அந்தக் கதவு திறந்தது.

செப்டம்பர் 11. பேச அழைத்தபோதெல்லாம் பயத்தில் அப்புறம், அப்புறம் என்று தள்ளிப்போட்டார். பிற்பகலில், இனியும் தள்ள முடியாது என்ற நிலையில், கலைமகளை மனசுக்குள் வணங்கி எழுந்தார். முதல் சொற்களுக்கே அரங்கம் எழுந்து கைதட்டியது.

1897இல் இராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். 1902 ஜூலை 4ஆம் நாள், 39 வயதில் மறைந்தார். நீண்ட ஆயுள் இல்லை. ஆனால் முடிவெடுத்த பிறகு கிடைத்த நாள்களை அவர் ஊசலாடி வீணாக்கவில்லை.

தம்பி தங்கைகளே, முடிவுக்கு முன்னால் சந்தேகம் வரட்டும், தப்பில்லை. யோசியுங்கள், பிரார்த்தனை செய்யுங்கள், அப்பா அம்மாவையும் ஆசிரியரையும் கேளுங்கள். ஆனால் அதற்கு ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். முடிவு செய்தபின் கஷ்டம் வந்தால், முடிவே தப்பு என்று உடனே நினைக்காதீர்கள். வழியை மாற்றிப் பாருங்கள், சுவாமி பாஸ்டனுக்குப் போன மாதிரி.