எழுத்தை ஓவியமாக்கிய பணிக்கர்

எழுத்து படிப்பதற்கு உரியது. ஓவியம் பார்ப்பதற்கு உரியது. இரண்டுக்கும் இடையே இருந்த வேலியை நீக்கியவர் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர். அவர் வாழ்க்கையை மாணவ நண்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பணிக்கர் 1911-இல் கோவையில் பிறந்தார். இளமையிலேயே நீர்வண்ண ஓவியத்தில் கைதேர்ந்தார். ஆனால் குடும்பச் சுமை அவரைத் தந்தி இலாகாவுக்கு அனுப்பியது. பின்னர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகவும் உழைத்தார். 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர முடிந்தது. அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் முதல்வரானார்.

தென்னந்தோப்பையும் உப்பங்கழியையும் தீட்டியே அவர் புகழோடு வாழ்ந்திருக்கலாம். 1954-இல் ஐரோப்பா சென்று வந்தவருக்கு அது போதவில்லை. மேனாட்டு அரூப ஓவியத்தை இரவல் வாங்கவும் மனமில்லை. ஒரு மாணவரின் கணக்கு நோட்டு அவருக்கு வழிகாட்டியது! 1963 முதல் எண்கள், ஜாதகக் கட்டங்கள், மலையாள எழுத்தின் சாயல் கொண்ட கோடுகள் ஆகியவற்றை வண்ணப் பரப்பில் நிரப்பினார். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் ஓவிய வரிசை பிறந்தது. அவ்வெழுத்துகளைப் படிக்க இயலாது.

படிக்க இயலாத எழுத்தால் என்ன பயன்? எனக்கு விடை கிடைத்த இடம் தில்லி மந்திர் மார்க். இந்தி அறியாமல் வந்த புதிதில், பிர்லா மந்திர் அருகே பெயர்ப் பலகைகளைப் பார்த்து நிற்பேன். மேலே ஒரு கோடு. அதில் தொங்கும் வளைவுகள். எத்தனை அழகு! படிக்கக் கற்றதும் பொருள் வந்தது, வடிவம் மறைந்தது. மறைந்த அந்த வடிவத்தையே பணிக்கர் மீட்டுத் தந்தார்.

இத்தகைய ஓவியத்தை யார் வாங்குவார்? பட்டம் பெற்ற ஓவியன் வயிற்றுக்கு என்ன செய்வான்? இக்கேள்வி அவரை வாட்டியது. ஓவியர்கள் பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றனர். அந்தப் பணத்தைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். 1966-இல் பணிக்கர் தலைமையில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. கைத்தொழில் சோறு போட்டது. ஓவியம் எவர் விருப்பத்துக்கும் வளையாமல் நிமிர்ந்து நின்றது.

பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமம் இன்றும் இருக்கிறது. புதுமை செய்ய அறிவு மட்டும் போதாது. அதைக் காக்கும் உழைப்பும் வேண்டும். நாளை வேலை தேடப் போகும் நாம் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுவே.