ஹைதராபாத்தின் இரட்டை ஏரிகள்: 1908 வெள்ளமும் விஸ்வேஸ்வரய்யா போட்ட கணக்கும்

1908 செப்டம்பர் 28. ஹைதராபாத்துக்கு நடுவே ஓடும் மூசி ஆறு ஊருக்குள் புகுந்தது. சுமார் 15,000 பேர் இறந்துபோனார்கள். ஆற்றங்கரைப் புளியமரம் ஒன்றில் ஏறிக்கொண்ட 150 பேர் பிழைத்தார்கள். உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் அந்த மரம் இன்றும் நிற்கிறது.

மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா அந்தச் சமயம் வெளிநாட்டில் இருந்தார். பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் நல்ல பேர்தான். புனே பக்கம் கடக்வாஸ்லா அணைக்கு 1903-ல் தானியங்கி மதகு போட்டவர். ஆனால் தலைமைப் பொறியாளர் நாற்காலி இந்தியருக்குக் கிடைக்காது என்ற நிலை. வேலையை விட்டுவிட்டார். நிஜாம் அரசின் அழைப்பு அப்போதுதான் வந்தது.

1909-ல் வந்தவர், ஊரை விட்டுவிட்டு ஆற்றின் மேல்பகுதியை அலசினார். அங்கே நூற்றுக்கணக்கான ஏரிகள். பேய்மழையில் ஒன்று உடைந்து, அந்தத் தண்ணீர் அடுத்ததை உடைத்து, 200-க்கும் மேற்பட்ட ஏரிகளின் நீர் மொத்தமாக ஊர் மேல் இறங்கியிருந்தது. கரைச் சுவரை மட்டும் உயர்த்தினால் இதைத் தடுக்க முடியாது. ஊருக்கு மேலேயே, மூசியிலும் அதன் கிளையான ஈசியிலும் வெள்ளத்தைப் பிடித்து வைக்கணும் என்றார். அதே தண்ணீர் குடிக்கவும் ஆகும். இதில் ஒரு சிக்கல் உண்டு: குடிநீருக்கு ஏரி நிரம்பி இருக்கணும், வெள்ளத்தைத் தாங்க இடம் காலியாக இருக்கணும். அதனால் மழைக்காலத்தில் மதகை எப்போது திறப்பது என்பதே பெரிய வேலை.

பாதாளச் சாக்கடை, கரையோரப் பூங்கா என்றும் திட்டம் கொடுத்தார். சாக்கடை வேலை ரொம்பவே இழுத்தது. கண்ணுக்குத் தெரியாத வேலைக்கு எந்த ஊரிலும் அவசரம் காட்ட மாட்டார்கள்!

அந்த வருடக் கடைசியிலேயே அவர் மைசூருக்குத் தலைமைப் பொறியாளராகப் போய்விட்டார், 1912-ல் திவான். ஹைதராபாத்தில் மற்றவர்கள் கட்டினார்கள். 1920-ல் உஸ்மான் சாகர், 1927-ல் ஹிமாயத் சாகர் முடிந்தன. நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1962-ல் காலமானார்.

நகரம் பிறகு அந்த ஏரிகளையும் தாண்டி வளர்ந்தது. ஏரிகளைச் சுற்றி 10 கி.மீ.க்குள் கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்து 1996-ல் அரசாணை 111 வந்தது. 2020 அக்டோபர் பெருமழையில் ஹிமாயத் சாகர் மதகுகளைத் திறக்க வேண்டியிருந்தது. இரண்டே வருடத்தில், 2022-ல், அந்தக் கட்டுப்பாட்டை நீக்கத் தெலங்கானா அரசு முடிவெடுத்தது.