பற்றின்றி முயன்ற பாரடே

நம் இல்லங்களில் விளக்காய் எரிவதும் விசிறியாய்ச் சுழல்வதும் மின்விசையே. அவ்விசையை இயந்திரத்தால் ஆக்கும் வழியை உலகிற்குக் காட்டியவர் இங்கிலாந்து நாட்டு மைக்கேல் பாரடே. அவர் கண்டறிந்தவற்றைப் பள்ளி நூல்கள் கூறும். ஆனால் விடாமுயற்சி, கல்வி, சமயம், செல்வம் ஆகியவற்றை அவர் எவ்வாறு கருதினார் என்பதை நம்மில் பலர் அறியோம். அதனை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

பாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், லண்டனை அடுத்த நியூவிங்டன் பட்ஸ் என்னுமிடத்தில் பிறந்தார். தந்தை கொல்லர், அடிக்கடி நோயுற்றவர். வறுமை மிக்க அவ்வில்லத்தில் எழுதப் படிக்கவும் சிறிது கணக்கிடவும் கற்றதோடு பள்ளிக் கல்வி நின்றது. 14ஆம் வயதில் ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் நூல் கட்டும் தொழில் பயிலச் சேர்ந்தார். ஏழாண்டுகள் அங்குப் பணிபுரிந்தார்.

கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அவர் அறிவைத் தூண்டின. படித்ததைச் செய்து பார்த்தாலன்றி அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. கைக்காசைச் சேர்த்துச் சிறு கருவிகள் செய்து சோதித்தார். மாலை நேரச் சொற்பொழிவு ஒன்றுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். கொல்லராக உழைத்த அண்ணன் ராபர்ட் தம் ஊதியத்திலிருந்து அதனை அளித்தார். தம்பியின் கல்விக்கு அண்ணனின் வியர்வை துணை நின்றது.

1812ஆம் ஆண்டில் சர் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. கேட்டவற்றை விரித்தெழுதி, படங்கள் வரைந்து, தம் கையாலேயே அழகிய நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷன் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் பணி கிடைத்தது. அதே ஆண்டு டேவி தம்பதியருடன் ஐரோப்பியப் பயணம் சென்றபோது, டேவியின் மனைவியார் அவரைப் பணியாளராகவே நடத்தினார். மனம் வருந்தினாலும் அவர் கற்பதை விட்டுத் திரும்பவில்லை. பிரான்சு, இத்தாலி நாட்டு அறிஞர்களைக் கண்டு அறிவு பெருக்கிக்கொண்டே மீண்டார்.

மின்சாரத்தால் காந்தவிசை தோன்றுமெனின், காந்தத்தால் மின்சாரம் தோன்றாதா என்பதே அவர் நெஞ்சில் நின்ற வினா. 1820களில் பலமுறை முயன்றும் விடை கிடைக்கவில்லை. 1831 ஆகஸ்டு 29இல், இரும்பு வளையம் ஒன்றின் இருபுறமும் கம்பி சுற்றிச் சோதித்தார். ஒரு சுருளில் மின்சாரத்தை இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும் மட்டும், மறு சுருளோடு தொடர்புடைய காந்த ஊசி அசைந்தது. நிலையான காந்தம் அன்று, மாறுகின்ற காந்தமே மின்சாரத்தை விளைவிக்கின்றது என்னும் உண்மை புலப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் காந்தத்தின் முனைகளுக்கிடையே செப்புத் தகட்டைச் சுழற்றித் தொடர் மின்சாரம் பெற்றார். இன்றைய மின் நிலையங்களின் மாபெரும் இயந்திரங்கள் யாவும் அச்செப்புத் தகட்டின் வழித்தோன்றல்களே.

வெற்றி பெற்றவரின் முயற்சியைப் போற்றுவது எளிது. பாரடேயின் பெருமை அவர் தோல்விகளை ஏற்ற முறையில் விளங்குகின்றது. 1825 முதல் சில ஆண்டுகள் தொலைநோக்கிகளுக்கு உயர்ந்த கண்ணாடி செய்யப் பெரிதும் உழைத்தார். கருதிய பயன் விளையவில்லை. எனினும் 1845இல், காந்தம் ஒளியின்மீது செயற்படுவதை அவர் கண்டது அக்கண்ணாடித் துண்டு ஒன்றினால்தான். புவியீர்ப்புக்கும் மின்சாரத்திற்கும் தொடர்பு காண முயன்று தோற்றபோது, அத்தோல்வியையும் 1850இல் அறிஞர் அவையில் அறிவித்தார். 1862இல், ஒளியின் நிறமாலையைக் காந்தம் மாற்றுமா என இறுதியாக ஆராய்ந்தார். ஒன்றும் காணவில்லை எனக் குறித்து வைத்தார். அம்முயற்சியைப் படித்தறிந்த சீமன் என்னும் டச்சு அறிஞர் 1896இல் அதனையே மீண்டும் செய்து வெற்றி கண்டார். 1902இல் நோபல் பரிசில் பங்கும் பெற்றார். பாரடேயின் ஆய்வுக் குறிப்பேட்டில் எண்ணிட்ட பத்திகள் பதினாறாயிரத்திற்கு மேல் உள. வெற்றிக்கும் தோல்விக்கும் அங்கு ஒரே அளவு கவனம் காணப்படும். நடு வயதிலேயே நினைவாற்றல் தளர்ந்த அவருக்கு அவ்வெழுத்தே ஊன்றுகோல் ஆயிற்று.

கல்வி பற்றி 1854இல் அவர் ஆற்றிய உரையின் கருத்து நம் கவனத்திற்குரியது. மனிதன் தன் விருப்பத்திற்கு இசைந்த சான்றை எளிதில் நம்புகின்றான். விருப்பத்திற்கு மாறான சான்றைத் தள்ளிவிடுகின்றான். ஆதலால் தன் தீர்ப்பைத் தானே ஐயுற்றுத் திருத்திக்கொள்வதே உண்மைக் கல்வி என்பது அவர் கொள்கை. முந்தைய ஆண்டில், ஆவிகள் மேசையை நகர்த்துவதாக லண்டன் மக்கள் நம்பியபோது, ஒரு சிறு கருவி அமைத்து, அமர்ந்திருப்போரின் கைகளே அறியாமல் அதனைத் தள்ளுகின்றன என அவர் மெய்ப்பித்தார். அவர்களை ஏமாற்றுக்காரர் என இகழவில்லை.

சமயத்தில் அவர் சாண்டிமேனியர் என்னும் சிறு கிறித்துவ சபையினர். உலகைப் படைத்த இறைவன் உண்டென்பது அவர் நம்பிக்கை. அஃது நம் நெறிக்கு உடன்பாடன்று. ஆயினும் அச்சபை, செல்வத்தைக் குவித்து வைப்பதைத் தவறெனக் கருதியது. நம் முன்னோர் மிகுபொருள் விரும்பாமை என வகுத்த விரதத்தின் சாயலை அங்குக் காண்கிறோம். 1844இல் அச்சபை அவரைச் சில வாரங்கள் விலக்கி வைத்தது. உலகப் புகழ் பெற்றிருந்த அவரோ சினந்து வெளியேறாது மீண்டும் இணைந்தார்; 1860இல் மறுபடியும் மூப்பராகி, நோயாளரைக் கண்டு தேற்றும் பணியைத் தொடர்ந்தார்.

நம்பியதை அவர் வாழ்விலும் கடைப்பிடித்தார். 1830இல் தொழில்துறைச் சோதனைகளால் அவருக்கு ஆயிரம் பவுண்டு அளவில் வருவாய் வந்தது. மின்காந்த ஆய்விற்காக அவ்வருவாயைச் சில ஆண்டுகளில் அறவே கைவிட்டார். கண்டறிந்த உண்மையைக் கொண்டு பொருள் குவிக்க நினைக்கவில்லை. சர் பட்டத்தை மறுத்தார். ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவி தேடி வந்தபோதும் ஏற்கவில்லை. 1867 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்த அவர், தம் விருப்பப்படி ஆரவாரமின்றி ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

பயனைப் பற்றாதவன் முயற்சியில் தளர்வான் எனச் சிலர் எண்ணுவர். பாரடேயின் வாழ்வு அதனை மறுக்கின்றது. பொருளும் புகழும் வேண்டி முயல்பவன், அவை வாராதபோது சோர்ந்துவிடுவான். உண்மை ஒன்றையே வேண்டியவருக்குத் தோல்வியும் ஒரு செய்தியாயிற்று. மதிப்பெண் குறைந்த மகனையோ மகளையோ கடிந்துரைக்கும் முன், நூல் கட்டும் கடையில் அமர்ந்து படித்த அச்சிறுவனையும், அவனுக்கு ஒரு ஷில்லிங் அளித்த அண்ணனையும் நாம் எண்ணிப் பார்ப்போமாக.