எல்லை கண்ட விண்ணறிஞர்

அண்டங்களின் அளவின்மையைத் திருவண்டப்பகுதியில் வியந்து பாடியவர் மாணிக்கவாசகர். அவர் பெயரோடு பிரிக்க இயலாத ஊர் ஆவுடையார்கோவில். அப்பழைய வியப்பை இன்று அறிவியல் வினாவாக்கி ஆராய்கிறது. அவ்வாராய்ச்சிக்கு ஓர் அளவுகோல் கிடைக்க வழிவகுத்த தமிழர் சுப்பிரமணியன் சந்திரசேகர்.

இவர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தை சுப்பிரமணியன் இரயில்வே கணக்குத் துறை அலுவலர், தாய் சீதாலட்சுமி. அறிவியலறிஞர் சர் சி. வி. இராமன் இவருடைய சிற்றப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். 1930இல் இங்கிலாந்து சென்று பயில அரசின் உதவித்தொகை கிடைத்தது. அப்போது தாய் நோயுற்றிருந்தார். ஆயினும் மகனின் கல்வி தடைபடலாகாது என்று விடைகொடுத்து அனுப்பினார். மறு ஆண்டு அவர் மறைந்தபோது மகன் கடல் கடந்து கேம்பிரிட்ஜில் இருந்தார்.

அக்கப்பல் பயணத்திலேயே சந்திரசேகர் ஓர் அரிய கணக்கைத் தொடங்கியிருந்தார். சூரியனைப் போன்ற விண்மீன்கள் எரிபொருள் தீர்ந்ததும் சுருங்கி வெண்குறுமீன்களாகின்றன. அத்தகைய மீனின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கைக் கடக்க இயலாது என்பதே அவர் கண்ட முடிவு.

1935 ஜனவரி 11 அன்று இலண்டன் அரச வானியல் கழகத்தில் அவர் இதனை விளக்கினார். அடுத்துப் பேசிய பேரறிஞர் எடிங்டன் அக்கருத்தை எள்ளி நகையாடினார், அவை சிரித்தது. இருபத்து நான்கு வயது இளைஞர் மனம் வருந்தினார். ஆனால், தம் கணக்கைக் கைவிடவில்லை. 1937இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். எடிங்டன்மீது பகை கொள்ளாது, அவர் மறைந்தபோது அவருடைய அறிவாற்றலைப் போற்றினார். காலம் சந்திரசேகரின் பக்கம் நின்றது. 1983இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. 1995 ஆகஸ்டு 21 அன்று அவர் மறைந்தார்.

அவர் கண்ட எல்லையின் பயன் அதன்பின்னும் வளர்ந்தது. அவ்வெல்லையை நெருங்கும் வெண்குறுமீன் வெடித்துச் சிதறும்போது ஏறத்தாழ ஒரே அளவான ஒளியை உமிழ்கிறது. ஆகவே, அதன் மங்கலைக் கொண்டு தொலைவை அளக்கலாம். 1998இல் இரு ஆய்வுக் குழுவினர் இவ்வெடிப்புகளை அளந்தனர். அவை எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது மிகுந்த தொலைவில் இருந்தன. அண்டத்தின் விரிவு விரைவடைந்து வருகிறது என்பது புலனாயிற்று.

இதனால் பழைய எண் ஒன்று மீண்டும் உயிர்பெற்றது. அண்டம் விரியாமல் நிலையாக இருப்பதாகக் கருதிய ஐன்ஸ்டைன், 1917இல் தம் சமன்பாட்டில் அண்டவியல் மாறிலியைச் சேர்த்தார். அண்டம் விரிவது தெரிந்தபின் அதனை நீக்கினார். இன்று அம்மாறிலி வெற்றிடத்தின் ஆற்றலாகக் கருதப்படுகிறது. ஆனால், குவாண்டம் கொள்கை வழியே மதிப்பிடும் ஆற்றல், வானில் அளந்ததைவிட, ஒன்றின்பின் ஏறத்தாழ 120 சுழியங்கள் இட்ட மடங்கு மிகுதியாக வருகிறது. இப்பெரும் பிழை எங்குள்ளது என்பது இன்னும் விளங்கவில்லை.

மாணவர்களே! அவையின் சிரிப்பு ஓர் உண்மையைப் பொய்யாக்கிவிடவில்லை. விடை காணாத இவ்வினாவும் அஞ்சாது கணக்கிடும் ஓர் இளைய உள்ளத்திற்காகக் காத்திருக்கிறது.