துப்பாக்கி ஏந்தா வேட்டுவர்

வேட்டை என்னும் சொல்லைக் கேட்டவுடன் வில்லும் வேலும் துப்பாக்கியுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும், குருதி சிந்தாத வேட்டையும் உண்டு. விலங்கைக் கொல்லாது அதன் உருவத்தை மட்டும் படமாகப் பிடித்து வருவதே அவ்வேட்டை. இந்தியக் காடுகளில் நள்ளிருளிலும் அதனை நிகழ்த்திப் புகழ் பெற்றவர் பிரெடரிக் வால்ட்டர் சாம்பியன் என்னும் ஆங்கிலேயர்.

சாம்பியன் 1893ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஜார்ஜ் சார்லஸ் சாம்பியன் பூச்சிகளை ஆராய்ந்த அறிஞர். தமையனார் ஹாரி சாம்பியன், இந்தியக் காடுகளை வகைப்படுத்தி 1936ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டவர். இத்தகைய குடும்பத்தில் வளர்ந்தமையால், இயற்கையைக் கூர்ந்து நோக்கும் ஆர்வம் இளமையிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1913ஆம் ஆண்டு இந்தியாவிற்கு வந்த அவர், கிழக்கு வங்காளத்தில் காவல் துறையில் பணியாற்றினார். முதல் உலகப்போரின்போது படையில் சேர்ந்தார். போர் முடிந்தபின் ஐக்கிய மாகாணத்தின் வனத்துறையில் அதிகாரியானார். சிவாலிக் மலையடிவாரக் காடுகள் அவருடைய பணிக்களமாயின.

அக்காலத்தில் புலியைச் சுட்டு வீழ்த்துதல் வீரத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது. அரசர்களும் அதிகாரிகளும் கொன்ற புலியின்மீது கால் வைத்துப் படம் எடுத்துக்கொள்வதைப் பெருமையாக எண்ணினர். விலங்குகளைக் கொன்றவர்களுக்கு அரசாங்கம் பரிசும் வழங்கியது. சாம்பியனோ பொழுதுபோக்கிற்காக உயிர்க்கொலை செய்வதை அறவே வெறுத்தார். உயிருள்ள புலியை அதன் இருப்பிடத்திலேயே படம் பிடிக்க வேண்டும் என்பதே அவருடைய வேட்கையாயிற்று.

அஃது எளிய செயலன்று. புலி பெரும்பாலும் இரவில் நடமாடுவது. மனிதர் அரவம் கேட்டால் ஒதுங்கிவிடுவது. அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர் ஒளிப்பொடியைக் கொளுத்தி மான் முதலியவற்றை இரவில் படமெடுத்திருந்தார். அவர் எடுத்த 74 படங்கள் 1906ஆம் ஆண்டில் ஓர் இதழில் வெளிவந்து வியப்பை விளைவித்தன. அவ்வழியைச் சாம்பியன் இந்தியக் காட்டுக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்தினார்.

விலங்குகள் நடந்து செல்லும் ஒற்றையடிப் பாதையை முதலில் அவர் தேடிக் காண்பார். பாதையோரத்தில் காமிராவை மறைத்து வைத்து, பாதையின் குறுக்கே மெல்லிய கம்பி ஒன்றைக் கட்டுவார். பின்னர் அவ்விடத்தை விட்டு அகன்றுவிடுவார். இரவில் வரும் புலியின் கால் கம்பியில் பட்டதும் மக்னீசியம் கலந்த பொடி பளீரென எரியும். அந்நொடியே காமிராவும் இயங்கும். இவ்வாறு புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொள்ளும்!

ஆயினும், ஒரு முறை எரிந்த பொடியை மீண்டும் இட்டாலன்றி அடுத்த படம் கிடைக்காது. புலிக்கு விரித்த கம்பியில் வேறொரு விலங்கு இடறினால் அன்றைய உழைப்பு முழுதும் வீண். இத்தனை இடையூறுகளுக்கும் அவர் தளரவில்லை. 1925ஆம் ஆண்டு இலண்டன் வார இதழொன்றில் அவர் எடுத்த புலிப்படங்கள் வெளியாயின. காட்டில் உரிமையுடன் உலவும் புலியை உலகம் படத்தில் கண்டு வியந்தது. 1927, 1934ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய இரு நூல்கள் சிறுத்தை, கரடி, செந்நாய் முதலிய விலங்குகளின் படங்களையும் மக்களுக்குக் காட்டின.

அப்படங்கள் ஓர் உண்மையையும் விளக்கின. ஒரு புலியின் உடல்வரி மற்றொரு புலிக்கு அமைவதில்லை. ஆதலின், வரிகளைக் கொண்டே ஒவ்வொரு புலியையும் தனித்தனியே அடையாளம் காணலாம் எனச் சாம்பியன் உணர்ந்தார்.

படமெடுத்ததோடு அவர் அமையவில்லை. துப்பாக்கி உரிமங்களைக் குறைக்க வேண்டும். காப்புக் காடுகளில் மோட்டார் வண்டிகளைத் தடுக்க வேண்டும். விலங்குகளைக் கொல்வோர்க்கு அளிக்கும் பரிசைக் குறைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பேர்பெற்ற வேட்டைக்காரரான ஜிம் கார்பெட் அவருடைய நண்பர். அவரும் துப்பாக்கியை விடுத்துக் காமிராவை ஏந்துதற்குச் சாம்பியனின் படங்களே தூண்டுகோலாயின. 1936ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா தோன்றுவதற்கு இவ்விருவரும் துணை நின்றனர். அப்பூங்கா பிற்காலத்தில் கார்பெட்டின் பெயரைப் பெற்றது.

1947ஆம் ஆண்டு இந்தியாவை விட்டுச் சென்ற சாம்பியன், கிழக்கு ஆப்பிரிக்காவில் சில காலம் வாழ்ந்து, 1970ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் காலமானார். 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. மறு ஆண்டில் புலிகளைக் காக்கும் திட்டமும் தொடங்கியது.

அவர் கண்ட முறை அழியவில்லை. இன்று கம்பிக்கு மாறாக, விலங்கின் உடல்வெப்பத்தையும் அசைவையும் உணரும் கருவி காமிராவை இயக்குகின்றது. 2018ஆம் ஆண்டின் புலிக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் 26,838 இடங்களில் இத்தகைய காமிராக்கள் வைக்கப்பட்டன. நம் முதுமலையிலும் ஆனைமலையிலும் உள்ள புலிகள்கூட வரிகளைக் கொண்டே இனங்காணப்படுகின்றன. சுட்டவர் பலருடைய பெயர்கள் மறைந்தன. சுடாது படம் பிடித்தவர் காட்டிய வழியோ புலிகளுக்கு இன்றும் காவலாய் நிற்கின்றது.